பாட்டுப் பாரத்தின் பதினோராவது கேள்வி

தினமும் அறுநூற்று நாற்பது பேர் பயன்படுத்துகிற ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை என்று எனக்குச் சொன்னவர் கிரண். எங்கள் தங்கச் சுரங்க ஊரின் பாலகாட் பகுதியில் சர்க்கார் நடத்துகிற ‘தங்க வயல் ஐடியா சரிபார்ப்பு மைய’த்தில் அவர் மூத்த வழிகாட்டி. வயது இருபத்தாறு. இளைய வழிகாட்டிக்கு என்ன வயது என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒருவர் அங்கே கிடையாது.

“உங்க ஐடியா இன்னும் ஐடியா ஸ்டேஜுக்கே வரலை மேடம்,” என்றார்.

“ஒரு வருஷமா ஓடிக்கினு இருக்குது சார். இன்னிக்குக் காலையில கூட ட்ரெயின்ல எல்லாருக்கும் பாட்டு போச்சு.”

“அதுதான் மேடம் பிராப்ளமே.” ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார். “ஸ்வல்ப யோசிச்சுப் பாருங்க. ஓடிக்கினு இருக்கிறத எப்படி ஓடுமான்னு செக் பண்றது?”

நான் யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருஷமாக பெங்களூரில் ஒரு கம்பெனியில் அடுத்தவர்கள் எழுதிய சாப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை. ஓடுவதை ஓட்டிப் பார்த்துத்தான் இதுவரை சோதித்திருக்கிறேன். ஓடாததைச் சோதிக்கச் சொல்லி யாரும் எனக்குச் சம்பளம் கொடுத்ததில்லை.

என் பெயர் சுனிதா. சாம்பியன் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறினால் ஒயிட்ஃபீல்டு போய்ச் சேர இரண்டு மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரம். வண்டியில் காதில் ஒயர் இல்லாத மனுஷர் இல்லை. ஆனால் பாதி நேரம் பாட்டுக் கேட்பதில் போகாது, தேடுவதில்தான் போகும். கட்டை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். மாலூர் வருகிற வரைக்கும் தள்ளிவிட்டு, “ஒரு நல்ல பாட்டு இருந்தா அனுப்பேன்,” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள்.

அதற்குத்தான் ‘அடுத்த பாட்டு’ என்று ஒன்றை எழுதினேன். எங்கே ஏறுகிறீர்கள், எங்கே இறங்குகிறீர்கள், எந்த ஷிப்ட், இந்த மூன்றையும் ஒரு நம்பருக்கு மெசேஜ் அனுப்பினால் போதும். உங்கள் ஸ்டேஷன் வருகிறவரை ஓடுகிற அளவுக்குப் பாட்டுப் பட்டியல் தானாக வரும். தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் கலந்து வரும். எதைத் தள்ளிவிட்டீர்கள், எதை முழுசாகக் கேட்டீர்கள் என்று பார்த்து மறுநாள் பட்டியல் மாறும். பழக்கமே இல்லாத இரண்டு பேர் ஒரே பாட்டைத் தள்ளாமல் கேட்டால், அது அவர்கள் மாதிரியே ரசனை உள்ள மூன்றாவது ஆளுக்குப் போகும். டேக்கலுக்கும் மாலூருக்கும் நடுவில் சிக்னல் அறுந்துபோகும், ஆகையால் அதற்கு முன்பே பட்டியல் வந்துவிடும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டே வருகிறவர்களுக்கு மெல்லிய பாட்டாகப் போட்டுவிட்டு, அவர்கள் ஸ்டேஷனுக்கு முந்தின பாட்டு மட்டும் தாரை தப்பட்டையோடு வரும். ஒரு வருஷத்தில் ஒரு ஆள் ஸ்டேஷன் தவறவிட்டதில்லை.

இப்படியே ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் எங்கள் கம்பெனி ஜூலை ஒன்றாம் தேதி முதல் விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் போகிறது. அங்கே ரயிலில் போய்த் திரும்ப முடியாது. ஒன்று குடும்பத்தோடு பெங்களூருக்குப் போக வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும். என் வீட்டுக்காரர் மனோகருக்கு ராபர்ட்சன்பேட்டையில் டூவீலர் மெக்கானிக் ஷெட் இருக்கிறது. ஷெட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, மனோகரை விட்டுவிட்டும் போக முடியாது. அப்போதுதான் மையத்தின் நோட்டீசைப் பார்த்தேன். சரிபார்க்கப்பட்ட ஐடியாவுக்கு மையத்திலேயே ஒரு அறை, இன்டர்நெட் லைன், இரண்டு வருஷம் உதவித்தொகை. அந்த அறைச் சாவி கிடைத்தால் வேலையை விட்டுவிடலாம், ஊரிலேயே இருக்கலாம், என் பொருளை நானே நடத்தலாம். அந்தச் சாவிக்காகத்தான் கிரண் எதிரில் கை கட்டி உட்கார்ந்திருந்தேன்.

கிரண் என்னை இயக்குநர் விநாயக் அவர்களிடம் அழைத்துப் போனார். ஊரிகத்தில் பிறந்து, பெங்களூரில் இருபது வருஷம் ஆலோசனை சொல்லிவிட்டு, ஊருக்குச் சேவை செய்யத் திரும்பி வந்தவர். எதை ஆலோசித்தார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மையம் இருப்பது சுரங்கக் காலத்துச் சம்பள ஆபீஸ் கட்டடத்தில். ஆட்கள் வரிசையில் நின்ற ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் இப்போது ‘கனவு’, ‘துணிவு’, ‘உயர்வு’ என்று எழுதிய பலகை தொங்குகிறது. ‘துணிவு’ ஜன்னல் பூட்டியிருந்தது.

“அம்மா, ஒண்ணு புரிஞ்சிக்கணும்,” என்றார் இயக்குநர். “பயனர் வர்றதுக்கு முன்னாடி இருந்தாதான் அது ஐடியா. பயனர் வந்துட்டா அது பழக்கம். பழக்கத்தைச் சரிபார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.”

“அப்போ நான் இன்னா சார் செய்யணும்?”

“நிறுத்தணும். இருபத்தோரு நாள். அப்போ அந்த அறுநூறு பேரும் பயனர் இல்லாம ஆயிடுவாங்க. அதுக்குள்ள நாங்க போய், இப்படி ஒண்ணு வந்தா உங்களுக்கு வேணுமான்னு கேப்போம். அவங்களைக் கேக்க மாட்டோம், அவங்க கறை பட்டவங்க. வேற நூறு பேரைக் கேப்போம்.”

“அனுபவிச்சவங்களைக் கேட்டா நல்லதுதானே சார்?”

“அவங்க உண்மையைச் சொல்லிடுவாங்க அம்மா. எங்களுக்கு வேண்டியது எதிர்பார்ப்பு.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நாலு வருஷத்துல இருநூத்திப் பன்னெண்டு ஐடியா இந்த மேசைக்கு வந்திருக்கு. இங்கேருந்து போன ஒரு பிசினஸ் கூட நஷ்டம் அடையலை. இந்தியாவிலேயே எங்க ரெக்கார்ட் இதுல தனி.”

“எத்தனை பிசினஸ் சார் போச்சு?”

“ஒண்ணும் போகலை,” என்றார் பெருமையாக. “அவ்வளவு ஜாக்கிரதை.”

நியாயமாக அந்த நிமிஷமே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாவி கண்ணை மறைத்தது, வேறென்ன சொல்ல. ஜூன் முதல் தேதி ‘அடுத்த பாட்டு’ நின்றது.

இரண்டாம் நாள் வண்டியில் பாபு அண்ணன் என் சீட்டுக்கு வந்தார். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கிடங்கில் சூபர்வைசர். முதன்முதலில் என் நம்பருக்கு மெசேஜ் போட்டவர் அவர்தான்.

“இன்னாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? பாட்டு வரலையே.”

“உடம்பு நல்லாத்தான் இருக்குது அண்ணா. ஐடியாவைச் சரிபாக்கறாங்க.”

“ரிப்பேரா?”

“ரிப்பேர் இல்லை. நல்லா ஓடுதுன்னு நிரூபிக்கணும்னா நிறுத்தணுமாம்.”

பாபு அண்ணன் எதிர் சீட்டில் உட்கார்ந்தார். “எவன் சொன்னான்? அந்த பாலகாட் ஆபீசா? அதான பாத்தேன்.”

ஒரு வாரத்துக்குள் நிலவரம் மோசமாகிவிட்டது. கோரமண்டலில் இறங்க வேண்டிய வேலு, நைட் செக்யூரிட்டி, எழுப்புகிற பாட்டு வராமல் கடைசி ஸ்டேஷனான மாரிக்குப்பம் வரை தூங்கிப்போனார். வண்டி அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்பியபோதும் அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். கண் விழித்தபோது எந்த வாட்ச்மேன் கூண்டிலிருந்து கிளம்பினாரோ அதற்குப் பக்கத்து ஸ்டேஷனில் இருந்தார். எனக்குப் போன் போட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். “சுனிதாம்மா, எப்பம்மா வரும்?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பத்தாம் நாள் ‘வலி கண்டறிதல்’. ஒரு பொருள் விற்க வேண்டுமானால் முதலில் ஜனங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். பத்துக் கேள்வி கொண்ட பாரம். பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள் என்று ஆரம்பித்து, இசைக் குறைபாட்டால் உங்களுக்கு ஏற்படும் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று போய், பத்தாவதில் ‘இது உங்களுக்குக் கண்டிப்பாகத் தேவையா’ என்று முடியும். கிரண் கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், அக்குளில் பாரக் கட்டு. பின்னால் நான். பாலகாட்டில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்குள் நுழைந்தோம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. லைன் வீடுகளில் எல்லோரும் குடியிருக்கிறோம், ஆனால் யார் பேரிலும் பத்திரம் கிடையாது. தருகிறோம், தருகிறோம் என்று சொல்லி எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஆகையால் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கும். உள்ளே சுரங்க வேலைப் புத்தகத்தின் ஜெராக்ஸ், வீடு ஒதுக்கின கடிதம், ரேஷன் கார்டு, வீட்டு வாசலில் நின்று எடுத்த போட்டோ. அட்டை தொங்கவிட்டுக்கொண்டு, பாரத்தோடு, ‘எத்தனை வருஷமா இருக்கீங்க’ என்று எவன் கேட்டாலும் அந்தக் கவர் இறங்கிவிடும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. சிரிக்க வேண்டாம்.

முதல் வீடு கங்கம்மாவுடையது. எழுபது வயது, வாய் மட்டும் இருபது.

“இசை இல்லாததால உங்களுக்கு எவ்வளவு வலி இருக்கும்மா?” என்று கிரண் கேட்டார்.

“முட்டி வலி.”

“அது இல்லைம்மா. பாட்டு கெடைக்காத வலி.”

“பாட்டு எதுக்குக் கெடைக்காது? பக்கத்து வூட்டுக்காரன் ராத்திரி பூரா வச்சிக்கினுதான் கீறான். அது தலைவலி. அதையும் எழுதிக்கோ.”

கிரண் பத்துக்குப் பத்து என்று எழுதிக்கொண்டார். “எத்தனை வருஷமா இங்க குடியிருக்கீங்க?”

கங்கம்மாவின் முகம் மாறியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய்க் கவரோடு வந்தார்.

“அத்த மொதல்ல கேக்கறதுக்கு இன்னா? அம்பத்திரெண்டு வருஷம். இந்தா ஜெராக்ஸ். ஒரிஜினல் குடுக்க மாட்டேன், போன தடவை வந்தவன் எடுத்துக்கினு போயிட்டான்.”

“இது கண்டிப்பா உங்களுக்குத் தேவையா?”

“தேவையாவா? இதுக்குத்தான்டா உசுரோட கீறேன்.”

கிரண் நெகிழ்ந்துபோனார். “இவ்வளவு ஸ்ட்ராங் டிமாண்ட் நான் பார்த்ததே இல்லை மேடம்,” என்று என் காதில் சொன்னார். ஜெராக்சைப் பாரத்தோடு சேர்த்துக் குத்தினார். நான் கங்கம்மாவிடம், “அவ்வா, இது வீட்டுக்கு இல்லை, பாட்டுக்கு,” என்றேன்.

“அப்பிடித்தாம்மா சொல்லுவானுங்க,” என்றார் கங்கம்மா. “போன தடவை கொசு கணக்குன்னு சொன்னானுங்க.”

மறுநாள் காலை மையத்தின் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை வரிசை. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கவர். நூறு பாரம் வைத்திருந்த கிரண், அதைக் காலை ஒன்பதரை மணிக்கே தீர்த்துவிட்டார். அதற்குப் பிறகு பாரம் ராபர்ட்சன்பேட்டையில் ராமசாமியின் ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. மார்க்கெட்டுக்கு எதிரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கிற குடும்பம். ஊருக்கு என்ன பாரம் வேண்டும் என்று சர்க்காருக்குத் தெரிவதற்கு முன் ராமசாமிக்குத் தெரியும்.

அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தேன். கடைக்குப் போய் ஒரு பாரத்தை வாங்கிப் பார்த்தேன். பத்துக் கேள்விக்குக் கீழே பதினோராவதாக ஒன்று இருந்தது. ‘நான் குடியிருக்கும் லைன் வீட்டு எண் ______. இந்த வீட்டை என் பெயரில் பத்திரம் செய்து தர வேண்டும். ஆம் / இல்லை.’

“இது மையத்துப் பாரத்துல இல்லையே,” என்றேன்.

“அதான் நானும் பார்த்தேன்,” என்றார் ராமசாமி. “பத்து கேள்வி கேட்டவன் முக்கியமானதை மறந்துட்டான், பாவம், சின்னப் பையன். நான் டைப் பண்ணிச் சேர்த்துட்டேன். எழுத்து சைஸ்கூட ஒரே மாதிரி வந்திருக்குது பாரு. முதல்ல பழைய பாரம் எழுதின நூறு பேரும் வந்து இதுல மாத்தி எழுதிட்டாங்க.”

“இது பாட்டு அனுப்புறதுக்கான சர்வே, ராமசாமி அண்ணா. என் ஐடியா அது.”

ராமசாமி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். “உன்னை நல்லா ஏமாத்தியிருக்காங்கம்மா. பாட்டுக்கு எவனாவது வூட்டு அட்ரஸ் கேப்பானா?”

நானும்தான் கேட்டேனே கிரணை, பாட்டுக்கு எதற்கு முகவரி என்று. டேட்டா என்றார்.

வரிசையில் போய் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தேன். கங்கம்மா சொன்னதையே எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் மட்டும், “உனக்கு வூடு வந்துட்டுதா? எங்களுக்கு வர்றது உனக்குப் பொறுக்கலையா?” என்று கேட்டார். அதோடு வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

வரிசை ஓய்ந்ததும் நேராக இயக்குநரிடம் போனேன். அவர் அறையில் பாரங்கள் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி.

“நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு,” என்றார். “ஒருத்தர் கூட இல்லைன்னு சொல்லலை. பாட்டுக்காக இந்த மக்கள் எவ்வளவு ஏங்கிப்போயிருக்காங்க அம்மா. ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டார்.”

“சார், அவங்க வீட்டுப் பத்திரத்துக்குன்னு நினைச்சு எழுதியிருக்காங்க. பதினோராவது கேள்வியைப் படிச்சுப் பாருங்க.”

“பத்துக் கேள்விதான் அம்மா.”

“படிங்க சார்.”

“நாலாயிரம் பாரத்தையும் படிக்கச் சொல்றீங்களா?” சிரித்தார். “தனித்தனியா படிச்சா அது வெறும் பேப்பர். மொத்தமாப் பார்த்தாதான் டேட்டா. டேட்டாவை நாம கேள்வி கேட்கக் கூடாது. அது நம்மளைக் கேட்கணும்.”

பாரத்தின் அடியில் மையத்தின் உறுதிமொழி ஒன்று இருக்கும். ‘மேற்கண்ட பதில்கள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டு, நியாயமான தேவை என்று ஏற்கப்பட்டன.’ அதன் கீழே இயக்குநர் கையெழுத்து, சுரங்கக் கோபுரம் பொறித்த மையத்தின் முத்திரை. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, ஒன்று மையத்துக்கு, ஒன்று எழுதிக் கொடுத்தவருக்கு. இயக்குநர் மூன்று நாள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். மையம் ஏதோ விருதுக்கு விண்ணப்பிக்கிறதாம், கடைசித் தேதி நெருங்கிவிட்டதாம். சீல் குத்தியது பியூன் சம்பங்கி. அவர் கட்டை விரல் வீங்கிப்போயிருந்தது.

“சம்பங்கி அண்ணா, நீங்களாவது படிச்சீங்களா?” என்று கேட்டேன்.

சம்பங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். “நாலாயிரம் தடவை படிச்சேம்மா.”

“சொல்லலையா?”

“எனக்கும் லைன் வூடுதானே,” என்று சொல்லிவிட்டு அடுத்த பாரத்தில் குத்தினார். “என்னுது எழுநூறாவது.”

ஜூன் இருபத்தைந்தாம் தேதி சரிபார்ப்பு விழா. மையத்து மைதானத்தில் ஷாமியானா போட்டார்கள். நாலாயிரம் பேரும் வந்துவிட்டார்கள், பத்திரம் தரப் போகிறார்கள் என்று. நல்ல புடவை, கஞ்சி போட்ட சட்டை. கங்கம்மா தலையில் பூ. ரயிலில் என்னோடு வருகிறவர்களும் வந்திருந்தார்கள், பாபு அண்ணனும் வேலுவும் சேர்த்து. என் பாட்டு திரும்ப வரப்போகிறது என்று அவர்கள் நினைப்பு. மேடையில் வெல்வெட் துணி மேல் ஒரு சாவி இருந்தது. சின்னச் சாவிதான், சைக்கிள் பூட்டுச் சாவி அளவு. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

இயக்குநர் பேசினார்.

“சகோதர சகோதரிகளே. உலகத்திலேயே முதல் முறையாக, ஒரு ஐடியா நூறு சதவீதம் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. இந்த நாலு வருஷத்தில் இந்த மையத்துக்கு என்ன செலவு, என்ன பயன் என்று சிலர் கேட்டார்கள். பயன் கேட்பவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். பயன் என்பது ஒரு பொருள் விற்பனைக்கு வந்த பிறகு ஏற்படும் சிறு விஷயம். நாங்கள் அதற்கு முன்னாடியே நின்றுவிடுகிறோம். நாங்கள் விதை போடுவதில்லை, விதை போடலாமா என்று கேட்கிறோம். கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நாளை இதே மைதானத்தில் ‘கேட்கலாமா’ என்று கேட்பதற்கு ஒரு தனிப்பிரிவு தொடங்க இருக்கிறோம்.”

கூட்டம் கை தட்டியது. எந்த இடத்தில் வீடு வருகிறது என்று காத்துக்கொண்டே தட்டியது.

என்னைக் கூப்பிட்டார்கள். சாவியை வாங்குவதற்கு முன் உறுதிமொழி வாசிக்க வேண்டும். கிரண் காகிதத்தைக் கொடுத்தார். மைக்கில் வாசிக்க ஆரம்பித்தேன்.

“சுனிதா ஆகிய நான், என் ஐடியாவை மையத்தின் வழிகாட்டுதலின் கீழ் பாதுகாப்பேன். இருபத்து நான்கு மாதங்களுக்கு...”

அங்கே நின்றுவிட்டேன். ‘இருபத்து நான்கு மாதங்களுக்குப் பயனர் எவரையும் சேர்க்க மாட்டேன்’ என்று இருந்தது.

“இது இன்னா சார்?”

“அடைகாக்கும் காலம் அம்மா,” என்றார் இயக்குநர் மெல்லிய குரலில். “அறையில உட்கார்ந்து ஐடியாவை வளர்க்கணும். யாரும் பயன்படுத்திக் கெடுத்துடக் கூடாது.”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. இருபத்தைந்து நாள் நிறுத்தினேன், வேலுவை அலைய விட்டேன், பாபு அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு பெட்டி மாறி உட்கார்ந்தேன். எல்லாம் ஒரு அறைக்குள் இரண்டு வருஷம் சும்மா உட்காருவதற்கு. கீழே கங்கம்மா கவரை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இந்தச் சாவியை வாங்கினால் அந்த நாலாயிரம் வீடும் என் பாட்டுக்கு விழுந்த ஓட்டாக ஃபைலுக்குள் போய்விடும்.

மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன் அந்தக் காகிதத்தை. மைக்கை விடவில்லை.

“உறுதிமொழி அப்புறம் வாசிக்கிறேன் சார். விதிப்படி எழுதிக் குடுத்தவங்களுக்கு ஒரு பிரதி தரணும். அத மொதல்ல குடுத்துடலாமா?”

இயக்குநருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பார்த்தீங்களா, மக்கள் பங்கேற்பு,” என்று எல்லோருக்கும் சொன்னார். சம்பங்கி கட்டுகளை ஏற்கெனவே லைன் வாரியாகப் பிரித்து மேடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார். எப்போது பிரித்தார் என்று நான் கேட்கவில்லை. லைனுக்கு ஒருவர் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தும் ஒன்றரை மணி நேரம் ஆனது. வாங்கியவர்கள் யாரும் போகவில்லை, சீல் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபது வருஷமாக எழுதிக்கொடுக்கிறார்கள், சீல் போட்ட காகிதம் ஒன்று கூடத் திரும்பி வந்ததில்லை.

பாபு அண்ணன் தன் காகிதத்தைச் சத்தமாகப் படித்தார். “பதினொண்ணு. லைன் வூட்டு எண் நாப்பத்தி மூணு. என் பேருக்குப் பத்திரம் செஞ்சு தரணும், ஆமா. மேற்படி பதில் எல்லாம் சரிபாத்து, நியாயமான தேவைன்னு ஏத்துக்கினோம். கையெழுத்து, இயக்குநர்.”

இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்து அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். நாலு வருஷத்தில் அவர் ஒரு பாரத்தைப் படித்தது அன்றைக்குத்தான் என்று சம்பங்கி பிறகு சொன்னார். படித்துவிட்டு இன்னொருவரிடம் வாங்கிப் படித்தார். அதிலும் அதேதான் இருந்தது.

என்னிடம் வந்தார். வேர்த்திருந்தது. “இதையெல்லாம் திரும்ப வாங்கணும் அம்மா. தப்பு நடந்துபோச்சு. நீங்க சொன்னா கொடுப்பாங்க.”

“டேட்டாவை கேள்வி கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“பயனர் கட்டுப்பாடு ஆறு மாசம் போதும். இல்லை, வேண்டாம், அதை எடுத்துடறேன். நாளைக்கே உட்காருங்க. வாங்கிக் கொடுங்க அம்மா.” சாவியை எடுத்து என் கையிலேயே வைத்துவிட்டார்.

சாவி சூடாக இருந்தது, வெயிலில் இருந்ததால். ஜூலை ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. மனோகர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார், என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் கையில் எங்கள் வீட்டு பாரம் இருந்தது. எனக்குத் தெரியாமல் இவரும் வரிசையில் நின்றிருக்கிறார்.

சாவியை வெல்வெட் மேலேயே வைத்தேன்.

“கங்கம்மா அவ்வா,” என்று மைக்கில் கூப்பிட்டேன். “அந்தப் பேப்பரை யார் கேட்டாலும் குடுக்காதீங்க. இது வூட்டுப் பத்திரம் இல்லை. ஆனா உங்களுக்கு வூடு தேவைன்னு ஒரு ஆபீசர் சீல் போட்டு ஒத்துக்கினு இருக்காரு. தாலூக்கா ஆபீசுக்கு எடுத்துக்கினு போங்க. ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினலைக் குடுக்காதீங்க.”

“அது எனக்குத் தெரியாதா,” என்றார் கங்கம்மா கீழேயிருந்து.

பிறகு என் போனை எடுத்து, இருபத்தைந்து நாளாக நிறுத்தி வைத்திருந்ததை அங்கேயே, மேடையிலேயே ஓட விட்டேன். ‘அடுத்த பாட்டு வந்தாச்சு. எங்கே ஏறுவீங்க, எங்கே இறங்குவீங்க, எந்த ஷிப்ட்?’ ஷாமியானாவுக்குள் போன்கள் மணியடித்தன. முதலில் பாபு அண்ணனுடையது, பிறகு வேலுவுடையது, பிறகு அந்த மூலை இந்த மூலை என்று நூற்றுக்கணக்கில். கிரண் நிமிர்ந்து பார்த்தார். இல்லாத பயனர்களை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார்.

வீடு வந்ததா என்றால், வரவில்லை. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் தாலூக்கா ஆபீசுக்குப் போனார்கள். சீல் இருந்ததால் அந்த ஆபீஸ்காரர்களால் துரத்த முடியவில்லை, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு விளக்கம் கேட்டு மையத்துக்கு வாராவாரம் கடிதம் போகிறது. அதைப் படிப்பதற்கென்றே மையத்தில் ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்களாம்.

ஜூலை ஒன்றாம் தேதி நான் கம்பெனிக்குப் போகவில்லை. ராஜினாமாவை அனுப்பிவிட்டு, ராமசாமி கடையில் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். வாடகை உண்டா என்று கேட்டதற்கு, “பாட்டு போடு, கடைக்கும் கேக்கணும்,” என்றார். பயந்துகொண்டுதான் உட்கார்ந்தேன். காலை வண்டி சாம்பியனை விட்டுப் புறப்படுகிற நேரத்தில் அறுநூற்று நாற்பத்தோரு பட்டியல் போனது. புதிதாக வந்த ஒன்று, ஏறுவது பெங்களூர் கிருஷ்ணராஜபுரம், இறங்குவது கோரமண்டல், ஜெனரல் ஷிப்ட். பெயர் கிரண். அவர் தூங்குவார் என்று தெரியும், ஆகையால் கடைசிப் பாட்டைக் கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே வைத்தேன்.

ஆகஸ்டில் மையத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. ‘தங்கள் ஐடியா மறுபரிசீலனை செய்யப்பட்டதில், மேற்படி சேவைக்கு மக்களிடையே தேவை எதுவும் இல்லை எனத் தெரிய வந்துள்ளது.’ கீழே விநாயக் அவர்களின் கையெழுத்து, கோபுர முத்திரை.

கிழித்துப் போடப் போனார் மனோகர். நான் விடவில்லை. ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து, ஒரிஜினலைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற கவருக்குள் வைத்தேன். இயக்குநர் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று அவருக்கே தெரியாது, எங்களுக்கு எது எப்போது உதவும் என்று யார் கண்டது.